பாதியில் நின்ற கை

(முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரித் தொழிலாளர்களும் விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினரும் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். மேல்கை காதை உரச வேண்டும். அப்படியே ஐந்து எண்ணும் வரை வைத்திருங்கள்.

நன்றி, இறக்கிக்கொள்ளலாம். முன்வரிசைப் பிள்ளைகளின் கைகள் தென்னங்குருத்து மாதிரி நிமிர்ந்து நின்றன. நடுவில் இருக்கும் தாய்மார்களில் பலருக்கு ஒரு கை காதுவரை போயிற்று. மறுகை தோள் உயரத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் நிற்கும் அண்ணன்மார்களில் சிலர் உடம்பையே ஒருபக்கமாகச் சாய்த்துக் கையை மேலே கொண்டுபோனார்கள். அந்தப் பாதியில் நின்ற கையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தார். கை மேலே வரவில்லை. பிறகு ரவிக்கை போட முடியவில்லை. கொடியில் துணி உலர்த்த முடியவில்லை. வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. "சுளுக்குத்தான், எடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் அந்தக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அன்றிரவு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை அழுதார். நான் இயன்முறை மருத்துவம் படித்ததற்கும், மூட்டைக் கையால் சீர்செய்யும் முறைகளைத் தேடிக் கற்றதற்கும் அந்த இரவுதான் காரணம்.

இந்த ஊரின் வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் பண்ருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற மண். இந்தப் பக்கம் நெய்வேலி, 1957-இல் சுரங்கம் தொடங்கிய நாளிலிருந்து இயந்திரமும் மனிதக் கையும் சேர்ந்து மண்ணைப் புரட்டும் இடம். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுவதும் நம் கைதான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்ட பிறகு, விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியதும் இதே கைகள்தான். நம் வருமானம் முழுவதும் தோள்வழியாக இறங்கி, முழங்கைவழியாக விரலுக்கு வருகிறது. தோள் கெட்டால் அடுப்பு அணைந்துவிடும் வீடுகள் இங்கே உண்டு. அதனால் இந்த மூட்டுகளை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் தோள். இடுப்பு மூட்டைப் பாருங்கள், உரலுக்குள் இறங்கிய உலக்கை மாதிரி ஆழமான குழியில் அமர்ந்திருக்கிறது. தோள் மூட்டு அப்படியல்ல. தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி, ஆழமில்லாத சின்னக் குழியில் பெரிய பந்து. அதனால்தான் உடம்பில் எந்த மூட்டும் சுழலாத அளவுக்குத் தோள் சுழல்கிறது. அந்தச் சுதந்திரத்துக்கு உடம்பு கொடுக்கும் விலை, எலும்பின் காவல் குறைவு. பந்து நழுவாமல் நான்கு சிறு தசைகள் பிடித்து வைத்திருக்கின்றன. தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, தசைநாண்களாக மாறி, பந்தைச் சுற்றிக் கைச்சட்டை மாதிரி கவ்விக்கொள்கின்றன. சுழற்சித் தசைகள் என்று இவற்றைச் சொல்கிறோம்.

இந்த நான்கில் மேலே இருக்கும் தசையின் நாண் ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறது. மேலே எலும்புக் கூரை, கீழே பந்து. கமலைக் கிணற்றில் வடம் உருளைமேல் ஓடியதைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வடம் எங்கே நைந்தது? உருளையில் உரசும் அதே ஒரு சாண் தூரத்தில்தானே? தோளிலும் அப்படித்தான். கையைத் தோளுக்கு மேலே தூக்கித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் அந்த நாணின்மேல் சுமை ஏற்றுகின்றன. கிளைக்குக் கிளை எட்டிப் பலாக்காய் அறுப்பவருக்கும், தலைக்குமேல் வெல்டிங் செய்பவருக்கும், சுவருக்கு வெள்ளையடிப்பவருக்கும் வருவது பெரும்பாலும் இதுதான். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் வலி சுரீரென்று பிடிக்கும். வயதும் இதில் சேரும். அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கு நாணில் கிழிசல் இருந்தும் வலியே இருப்பதில்லை. அதனால் ஸ்கேனில் 'கிழிந்திருக்கிறது' என்று எழுதியிருந்தால் உடனே அஞ்சிவிடாதீர்கள். ஆனால் கீழே விழுந்த பிறகு திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனால் அது வேறு கதை; அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, என் அம்மாவுக்கு வந்த உறைந்த தோள். சித்த மருத்துவர்கள் இதைக் கும்பவாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். 'உறைந்த தோள்' என்ற பெயரை 1934-இல் வழங்கியவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுகிறது. முதலில் வலி ஏறும், இரவில் தூங்க விடாது. அடுத்து வலி மெல்லத் தணியும், ஆனால் தோள் பூட்டிக்கொள்ளும். கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டு திறக்கும். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் ஆகலாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். ஆகவே தோள் காரணமில்லாமல் இறுகினால் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது தெரியவந்ததே இந்தத் தோளால்தான். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும் முதல் கட்டத்தில் கையை வெடுக்கென்று இழுப்பது, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். அன்றிரவு அம்மா ஏன் அழுதார் என்பது படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது, தோளில் தெரியும் வலி தோளிலிருந்தே வர வேண்டியதில்லை. கழுத்தெலும்புகளுக்கு நடுவே நரம்பு அழுந்தினால் வலி தோள்பட்டைக்கு இறங்கும். முழங்கையைக் கடந்து விரல்வரை மரத்துப்போகும். கழுத்தைத் திருப்பும்போது வலி கூடினால் சந்தேகம் கழுத்தின்மேல் போக வேண்டும். பித்தப்பையில் கோளாறு இருந்தால்கூட வலத் தோளில் வலி தெரியும். இடத் தோளும் கையும் வலித்து, நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டினால் எண்ணெயைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

இனி முழங்கை. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத நம் ஊர்ப் பெண்களுக்கு 'டென்னிஸ் எல்போ' என்று மருத்துவர் எழுதிக்கொடுக்கிறார். சச்சின் டெண்டுல்கர் 2004-இல் இதே நோயால் ஆட்டங்களைத் தவறவிட்டு, 2005-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோதுதான் நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டோம். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகளின் நாண், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒட்டியிருக்கிறது. எதையாவது இறுகப் பிடிக்கும்போதெல்லாம் அந்த ஒட்டுதான் தாங்குகிறது. முந்திரி உடைக்கும் அம்மாவைப் பாருங்கள். ஓட்டின் எண்ணெய் தோலைச் சுடும், அதற்குச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார். கொட்டை வழுக்கும், அதற்காகப் பிடியை இறுக்குவார். எடைக்குக் கூலி என்பதால் நிறுத்தவும் மாட்டார். அதே கை வீட்டுக்கு வந்து போர்வையைத் துவைத்து முறுக்கிப் பிழிகிறது. நாண் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரமே கிடைப்பதில்லை. அதன் இழைகள் தரம் கெடுகின்றன. காபித் தம்ளரைத் தூக்கினால்கூட வலிக்கிறது என்று அவர் சொல்வது மிகையல்ல.

உள்பக்க முனையில் வலித்தால் அது எதிர்த் தசைகளின் பாதிப்பு. கத்தியை வீசிக் கரும்பு வெட்டுபவர்களிடம் இதைப் பார்க்கிறேன். அதே உள்பக்கத்தில் ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. முழங்கை கதவில் இடித்தால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான். போனைக் காதில் வைத்துக் கையை மடக்கியே நெடுநேரம் பேசுகிறவர்களுக்கும், கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போவது அதனால்தான்.

சுரங்கத்தோடு தொடர்புள்ள ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழங்கையின் பின்முனையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய நீர்ப்பை இருக்கிறது. தரையில் ஊன்றிக்கொண்டே வேலை செய்தால் அது வீங்கி முட்டை மாதிரி தொங்கும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் தாழ்ந்த குகைகளுக்குள் முழங்கையை ஊன்றிக் கரி வெட்டியவர்களுக்கு இது சகஜம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பிரிட்டன் 1907-இல் இதைச் சேர்த்தது. 'உன் முழங்கை வீங்கியது உன் குற்றமல்ல, உன் வேலையால்' என்று ஒரு நாட்டின் சட்டம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டது. நாம் இன்னும் தோள்வலியை வயதின்மேலும் தலைவிதியின்மேலும் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டோம். கையால் செய்யும் சிகிச்சை இதில் என்ன செய்யும்? கைரோபிராக்டிக் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'கையால் செய்வது' என்று பொருள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், 1895 செப்டம்பர் 18 அன்று டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கி வைத்தார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்புதான் காரணம் என்றார் அவர். அந்தக் கூற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் மூட்டின் அசைவைக் கையால் சோதித்து, இறுகிய இடத்தை அளவோடு அசைத்து, தசையைத் தளர்த்தி, பிறகு பயிற்சி கொடுக்கும் முறை அத்துறையில் வளர்ந்தது. இன்று முதுகுக்கு மட்டுமல்லாமல் தோள், முழங்கை, மணிக்கட்டுக்கும் அது பயன்படுகிறது.

நமக்கு இது அந்நியமும் அல்ல. சித்த மருத்துவத்தின் தொக்கணம் ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று நம் முன்னோர் பெயர்வைத்திருக்கிறார்கள். எந்த நோயாளிக்கு எது, எவ்வளவு என்று பிரித்து அறிந்ததால்தான் ஒன்பது பெயர்கள் தேவைப்பட்டன. அந்த அளவறிவுதான் சிகிச்சை. எல்லோருக்கும் ஒரே இழுப்பு இழுப்பது சிகிச்சை ஆகாது.

ஆராய்ச்சிகள் சொல்வதையும் கேளுங்கள். 2004-இல் நெதர்லாந்தில் தோள்வலிக்காரர்கள் 150 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு மருத்துவர் வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சை. மறு சாராருக்கு அதோடு கழுத்தின் அடிப்பகுதி, மேல்முதுகு, விலா மூட்டுகளைக் கையால் அசைக்கும் சிகிச்சையும். பன்னிரண்டு வாரத்தில் முழுதும் தேறியதாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 21 சதவீதம், இரண்டாவதில் 43 சதவீதம். தோள் வலித்தாலும் முதுகை அசைத்துப் பார்ப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கை மேலே போகும்போது முதுகும் கொஞ்சம் நிமிர வேண்டும். கூன்போட்டு உட்கார்ந்தபடி கையைத் தூக்கிப் பாருங்கள், பிறகு நிமிர்ந்து தூக்குங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

முழங்கைக்கு 2006-இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆறு வாரத்தில் மிக நன்றாக இருந்தார்கள். ஆனால் அப்படித் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. கையால் மூட்டை நகர்த்தும் சிகிச்சையும் பயிற்சியும் எடுத்தவர்கள் மெதுவாகத் தேறினார்கள், ஆனால் நிலைத்துத் தேறினார்கள். முழங்கையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திப் பிடித்தபடி நோயாளியைக் கைவிரல்களை இறுக்கச் சொல்லும் அந்த முறை, நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் உருவாக்கியது. சரியாகப் பிடித்தால் வலியில்லாமல் இறுக்க முடியும். அந்த நிமிடம் நோயாளியின் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் மலர்ந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்யாவிட்டால் வலி திரும்பும். இன்று நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். சிகிச்சை செய்பவரின் கை பூட்டைத் திறக்கும். கதவுக்குள் நடந்துபோக வேண்டியது உங்கள் கை. நைந்த நாண் மறுபடி உரம்பெறுவது அளவான சுமையால்தான், வேறு வழியில்லை.

நெட்டி முறிக்கும் சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டு விரியும்போது அதன் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் எழும் ஒலி அது. எலும்பு இடம்மாறி உட்கார்ந்ததற்கு அது அடையாளம் ஆகாது. இப்போது போனில் சத்தத்தைப் பெரிதாகக் கேட்கவைக்கும் காட்சிகள் நிறைய வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கழுத்தை ஒருவர் திருப்பாதீர்கள். முடிவெட்டியபின் கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கழுத்தின் வழியாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்புண்டு. அது அரிதுதான், ஆனால் வந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு.

யாரிடம் போவது? உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டியில், கைரோபிராக்டிக் முழுப் பயிற்சிக்கு நான்கு ஆண்டுகளில் 4,200 மணி நேரத்துக்குக் குறையாத கல்வி வேண்டும் என்கிறது. அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். நம் நாட்டில் இத்துறைக்குத் தனிப் பதிவுக் குழு இல்லாததால் பலகை மாட்டுவது எளிது. நீங்கள்தான் கேட்க வேண்டும்: என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள், எனக்கு என்ன நோய், ஏன் இந்தச் சிகிச்சை? சட்டையைக்கூடத் தளர்த்திப் பார்க்காமல், கதையைக் கேட்காமல், நேரே முறுக்கத் தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எலும்பு மெலிதல், புற்றுநோய், முறிவு, மூட்டில் சீழ், தோள் இறங்கிய நிலை ஆகியவற்றில் மூட்டைச் சொடுக்கவே கூடாது. காய்ச்சலோடு சிவந்து வீங்கினாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், கையில் பலம் போனாலும் முதலில் மருத்துவர்தான். வெளியே போக முடியாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்றே வீட்டில் தொடங்க மூன்று பயிற்சிகள் சொல்கிறேன். ஒன்று, மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்றில் விட்ட வாளிக்கயிறு மாதிரி தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டுங்கள். இரண்டு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் பல்லி மாதிரி மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் கரியால் கோடு போடுங்கள். வாரம் ஒருமுறை கோடு உயர்கிறதா பாருங்கள். மூன்று, முழங்கைக்கு. முன்கையை மேசையில் வைத்து, கை விளிம்புக்கு வெளியே நீண்டு உள்ளங்கை தரையைப் பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து முறை, மூன்று சுற்று. லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலைவரை வலி நீடித்தால் அளவைக் குறையுங்கள்.

வேலையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். உடைக்கும் கருவியின் பிடி மெலிதாக இருந்தால் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்குங்கள்; பிடியை அத்தனை இறுக்க வேண்டியிராது. முழங்கை விலாவை ஒட்டியிருக்கும்படி உட்காருங்கள். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையை உதறி எழுந்து நில்லுங்கள். பெரிய பலாப்பழத்தை இரண்டு பேர் தூக்குங்கள், தனியே தூக்கினால் மார்போடு அணைத்துத் தூக்குங்கள். போர்வையை முறுக்காமல் கொடியில் போட்டு நீரை வடியவிடுங்கள். முந்திரி உடைக்கும் இடங்களை நடத்துபவர்கள் இங்கே இருந்தால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தைக் கூலியில் கழிக்காதீர்கள். தேர்ந்த கை ஒன்று படுத்துவிட்டால் உங்களுக்கும் நட்டம்தான். வீட்டில் இருக்கும் மகன்களுக்கும் சொல்கிறேன், அம்மாவின் தோள் இறுகியிருக்கும்போது குடத்தைத் தூக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

என் அம்மாவின் தோள் திறக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, பிறகு பொறுமையான சிகிச்சை, பிறகு தினமும் சுவரில் விரல்நடை. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கரிக்கோடுகள் ஒவ்வொரு விரற்கடையாக உயர்ந்தன. வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னார் அம்மா. கடைசிக் கோடு என் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அதைப் போட்ட அன்று மாலைதான் எனக்கு மறுபடி தலை பின்னிவிட்டார்.

இந்த உரை முடிந்ததும் கையைத் தூக்குங்கள் என்று மறுபடி கேட்கப் போவதில்லை. ஒரு மாலைப்பொழுதில் எந்தத் தோளும் திறந்துவிடாது. இன்று வீட்டுக்குப் போனதும் சுவரில் முதல் கோட்டைப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து நான் மறுபடி இந்த ஊருக்கு வருகிறேன். அப்போது கோடுகளைப் பார்க்க ஒவ்வொரு வீட்டுக்கும் வருவேன்.